சூல்முட்டை வெளியேற்றத் தூண்டல்

சூல்முட்டை வெளியேற்றத் தூண்டல் என்பது, கருவுறுதல் சிகிச்சையில் வளர்ந்த சூல்முட்டையை இறுதியாக முதிரச் செய்து வெளியேற வைக்க இயக்குநீர் மருந்து கொடுக்கும் முறையாகும். பேச்சு வழக்கில் இது 'டிரிக்கர் ஊசி' எனப்படுகிறது. முட்டைகளை வளர்க்க நாள்தோறும் போடப்படும் ஊசிகள் வேறு; இது பெரும்பாலும் ஒரே முறை போடப்படுவது.

இயல்பான மாதவிடாய்ச் சுழற்சியில் கபச் சுரப்பி எல்.எச். இயக்குநீரைத் திடீரென மிகுதியாகச் சுரக்கிறது. அதன் பின்னரே, பாதியில் நின்றிருந்த ஒடுக்கற்பிரிவைச் சூல்முட்டை தொடர்கிறது. 1978 இல் உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தையான லூயிஸ் பிரவுன் பிறந்தபோது இந்த ஊசி பயன்படுத்தப்படவில்லை. தாயின் சிறுநீரில் எல்.எச். உயர்வதைக் கவனித்தே முட்டை எடுக்கும் நேரம் குறிக்கப்பட்டது.

== எச்.சி.ஜி. ==

கருவுற்ற பெண்ணின் நஞ்சுக்கொடித் திசு சுரக்கும் எச்.சி.ஜி., எல்.எச். இணையும் அதே ஏற்பியில் இணைவதால் அதன் வேலையைச் செய்கிறது. சிறுநீரிலிருந்து பிரித்தெடுத்தது 5,000 முதல் 10,000 அலகுகள் வரையும், மரபணு நுட்பத்தில் தயாரித்தது 250 மைக்ரோகிராமும் கொடுக்கப்படுகின்றன. வெளிச் சோதனை முறைக் கருக்கட்டலில் ஊசி போட்டுச் சுமார் 34–36 மணி நேரத்தில் முட்டைகள் எடுக்கப்படுகின்றன. முன்கூட்டி எடுத்தால் அவை முதிர்ந்திரா. மிகவும் தாமதித்தால் வெளியேறிவிடும், பின்னர் எடுக்க இயலாது. எனவே மருத்துவர் குறித்த மணியை விட்டு ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது.

எச்.சி.ஜி. உடலில் பல நாட்கள் தங்கும். அதன் குறையும் இதுவே. பல முட்டைகள் வளர்ந்துள்ளவர்களுக்கு, குறிப்பாகச் சூலக நீர்க்கட்டி நோய்க்குறி உடையவர்களுக்கு, சூலக மிகைத்தூண்டல் ஏற்படலாம். இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து வயிற்றில் சேரும், இரத்தம் உறையக்கூடும், அரிதாக உயிருக்கே ஆபத்தாகும். ஊசிக்குப் பின் வயிறு வீங்கி, மூச்சுத் திணறி, சிறுநீர் குறைந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

== மாற்று முறை ==

இந்த ஆபத்து உள்ளவர்களுக்கு லியூப்ரோலைடு, டிரிப்டோரெலின் போன்ற ஜி.என்.ஆர்.எச். முனைப்பிகள் தரப்படுகின்றன. இவை பெண்ணின் சொந்தக் கபச் சுரப்பியிலிருந்தே எல்.எச்.ஐ வெளிவரச் செய்கின்றன. அந்த உயர்வு விரைவில் அடங்குவதால் மிகைத்தூண்டல் பெரிதும் தவிர்க்கப்படுகிறது. ஆனால் கருப்பையைத் தாங்க வேண்டிய மஞ்சட்சடலமும் விரைவில் நலிந்துவிடும். அதனால் பெரும்பாலும் கருக்கள் உறைய வைக்கப்பட்டு, பிந்தைய சுழற்சியில் வைக்கப்படுகின்றன. கபச் சுரப்பி முன்பே இதே வகை முனைப்பி மருந்தால் அடக்கப்பட்டிருந்தால் இம்முறை பலிக்காது.

எச்.சி.ஜி. ஊசிக்குப் பின் ஏறத்தாழ இரண்டு வாரங்கள் வரை, கருத்தரிக்காவிட்டாலும் வீட்டுச் சோதனை அட்டையில் இரண்டு கோடுகள் தெரியக்கூடும்.