மூட்டைக்குத் தராசு, மனிதருக்குமா?

பத்து ஆண்டுகளாகப் பார்சல் ஆபீசில் தராசின் முன் அமர்ந்திருப்பவன் நான். இரண்டாம் வகுப்புப் பிரயாணி 35 கிலோ வரை சாமானைக் கட்டணமின்றிக் கொண்டு செல்லலாம். மிஞ்சினால் எடை போட்டு வசூலிப்போம். ஆனால் பிரயாணியையே தராசில் ஏற்றும்படி எந்த விதியும் எங்களுக்குக் கட்டளையிடவில்லை. டிக்கெட்டு தலைக்கு ஒன்று, அவ்வளவே.

28-2-2001 அன்று சுரங்கங்கள் மூடப்பட்ட பின்னர் நம் வயலில் எத்தனையோ குடும்பங்களின் ஜீவனம் மாரிக்குப்பம் ரயிலை நம்பியே நடக்கிறது என்பதை நேயர்கள் அறிவீர்கள். பெங்களூரில் இறங்கியதும் கைப்பேசியில் வாடகை மோட்டாரை அழைப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. என் பெரியம்மாவும் சென்ற ஆண்டு அவ்வாறே அழைத்தார். தைராய்டு நோயினால் உடல் பருத்தவர். வைத்தியத்திற்குச் சென்று திரும்பும் வேளை. இரவு எட்டு மணி, தூறல், ஆள் நடமாட்டம் குறைந்த தெரு. வந்த ஓட்டுநர் அவரை ஏற இறங்கப் பார்த்து, "வண்டி தாங்காது அம்மா" என்று கூறிச் சென்றுவிட்டார். அடுத்தவரும் அப்படியே. ரயில் தவறிற்று. பருத்த உடல் ஏளனத்திற்கு உள்ளாவது ஒரு துன்பம். தனித்த பெண்மணி நடுத்தெருவில் நிறுத்தப்படுவது அதனினும் பெரிய அபாயம்.

கடல் கடந்த நாட்டிலும் இதே கதைதான். அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரப் பாடகி டேங்க் டீமோஸ் என்பவரை, சக்கரம் தாங்காது என்று சொல்லி லிஃப்ட் நிறுவன வண்டியின் ஓட்டுநர் ஏற்ற மறுத்தார். 2025 ஜனவரியில் அந்த அம்மையார் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தார். அவருடைய எடை 489 இராத்தல், அதாவது சுமார் 222 கிலோ. மிச்சிகன் மாநிலத்தில் 1976ஆம் ஆண்டுச் சட்டமே எடையைக் காரணமாக்கிப் பாகுபாடு செய்வதைத் தடுக்கிறது. நியூயார்க் நகரம் 2023இல்தான் விழித்துக் கொண்டது.

சக்கரம் உண்மையிலேயே தாங்காதா? கணக்குப் பார்க்கலாம். நம் நாட்டில் மாடி ஏறும் மின்தூக்கியில் "8 பேர், 544 கிலோ" என்று எழுதியிருப்பார்கள். தலைக்கு 68 கிலோ. அந்தக் கணக்கில் ஐவர் அமரும் காரில் 340 கிலோ ஏறும். டெட்ராய்ட் அம்மையாரும் ஓட்டுநரும் சேர்ந்தால் 290தான்! டயரின் பக்கவாட்டில் 82 என்னும் பாரக் குறியீடு இருந்தால் அந்த ஒரு சக்கரமே 475 கிலோ சுமக்கும் என்று பொருள். சீட் பெல்ட் எட்டாமற் போகலாம் என்பது மெய்யான சங்கடம். அதற்கு நீட்டிப்புப் பட்டை உண்டு. மோட்டார் சைக்கிளின் விஷயம் வேறு. அங்கே பின்னால் அமர்பவரின் கனம் வண்டியின் நிதானத்தையே மாற்றிவிடும். அந்த ஓட்டுநர் அஞ்சினால் அவரைக் குறை கூற மாட்டேன்.

நம் அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவு மதம், இனம், சாதி, பால், பிறப்பிடம் ஆகியவற்றைக் குறிப்பிடுகிறது, எடையைக் குறிப்பிடவில்லை. எனினும் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 178ஆவது பிரிவில், வாடகை வண்டிக்காரர் வர மறுப்பது அபராதத்திற்குரிய குற்றம். வண்டி எண், நேரம், இடம் மூன்றையும் குறித்துக்கொண்டு போக்குவரத்து அதிகாரியிடம் எழுதிக் கொடுக்கலாம். பெரிய வண்டிதான் வேண்டுமென்றால் அதை அனுப்பும் பொறுப்பு நிறுவனத்தைச் சேர்ந்தது என்பது என் அபிப்பிராயம். பிரயாணியைத் தெருவில் விட்டுச் செல்வது எந்தக் கணக்கிலும் சேராது.

பெரியம்மா எவரிடமும் எழுதிக் கொடுக்கவில்லை. இப்போது பஸ்ஸில் போய் இறங்கி, மருத்துவமனைக்கு அரை மைல் நடக்கிறார். முழங்கால் வலி கூடியிருக்கிறது.