செய்கிற இடத்துக்குப் பக்கத்துக் கடை

எரியோட்டில் ரயிலுக்கோ பஸ்ஸுக்கோ காத்திருக்கிற வெளியூர்க்காரர் டீக்கடையில் வழக்கமாகக் கேட்பது இதுதான்: "இந்தப் பக்கம் நல்ல கடை எது?" பதிலும் வழக்கமானதுதான். திண்டுக்கல்லுக்குப் போங்க, பிரியாணி சாப்பிடுங்க. தப்பில்லை. தலப்பாக்கட்டி 1957-இல் அங்கே தொடங்கிய கடை; சீரகச் சம்பாவின் மணத்துக்காகவே போகலாம். ஆனால் அந்தப் பெயர்ப்பலகை இன்று சென்னையிலும் தொங்குகிறது. அதற்காக இவ்வளவு தூரம் வர வேண்டியதில்லை.

டீ ஆறுவதற்குள் ஒரு யோசனை சொல்கிறேன். கேள்வியை மாற்றிக் கேளுங்கள்: "இந்தப் பக்கம் என்ன செய்றாங்க?" பொருள் எங்கே உருவாகிறதோ, அதற்கு அக்கம்பக்கத்தில்தான் ருசியான கடை இருக்கும். அங்கே விற்கிறவருக்குப் பொருளின் உள்ளும் தெரியும், புறமும் தெரியும்.

இந்தக் கேள்விக்குத் திண்டுக்கல் சொல்லும் முதல் பதில் பூட்டு. 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு. பார்க்க முரட்டு இரும்புதான். மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லிப் பாருங்கள், உள்ளே லீவர்கள் என்கிற தகடுகள் அடுக்கடுக்காக இருக்கும். சாவியின் ஒவ்வொரு பல்லும் ஒரு லீவரைத் தூக்குகிறது. எல்லா லீவரும் அதனதன் சரியான உயரத்துக்கு வந்தால்தான் தாழ் நகரும். ஒன்று கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் நகராது. பூர்வீகச் சொத்தை விற்கப் பங்காளிகள் அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டுமே, அது மாதிரி. லீவர் கூடக் கூடக் கள்ளச்சாவிக்கு வேலை கஷ்டம்.

சாவியின் பற்களைக் கையால் அரம் போட்டு எடுப்பதுதான் இந்த ஊர்ப் பட்டறைகளின் பழைய வித்தை. அச்சில் வார்த்து ஆயிரக்கணக்கில் தள்ளுகிற காரியமில்லை. அதனால்தான் இயந்திரத்தில் செய்து வரும் அலிகார் பூட்டோடு விலையில் போட்டி போட முடியாமல் இந்தத் தொழில் இளைத்துவிட்டது. புவிசார் குறியீடு பெயரைக் காக்கும். அரம் பிடிக்க அடுத்த தலைமுறையைக் கொண்டுவந்து உட்கார வைக்காது. அதை வாங்குகிற ஆள்தான் செய்ய வேண்டும்.

கடையில் மாங்காய்ப் பூட்டு என்று கேளுங்கள், வடிவமே பெயர். மணிப்பூட்டு கிடைத்தால் விடாதீர்கள். சாவியைத் திருப்பத் திருப்ப மணி அடிக்கும். ராத்திரியில் யாராவது கதவில் கை வைத்தால் வீடே எழுந்துவிடும். கேமரா வராத காலத்துக் காவல்! விலை கேட்கும் முன் வேலை கேளுங்கள்: எத்தனை லீவர், எந்தப் பட்டறை, சாவி யார் போட்டது. பதில் சொல்வதில் கடைக்காரருக்கு முகம் மலர்ந்தால் நீங்கள் சரியான கடையில் நிற்கிறீர்கள். "எல்லாம் நல்ல சரக்குதான் சார்" என்று முடித்துக்கொண்டால் அடுத்த கடைக்கு நடங்கள்.

இதே கேள்வியோடு மதுரை ரோட்டில் போனால் சின்னாளபட்டியில் சுங்குடிச் சேலை. எரியோட்டுக்குப் பக்கத்திலேயே அய்யலூரில் வியாழக்கிழமைச் சந்தை. ஆடும் நாட்டுக்கோழியும் கைமாறுவதை வாங்காமல் நின்று பார்த்தாலும் பொழுது போகும். வெயில் ஏறிய பிறகு போகாதீர்கள், விடியற்காலையிலேயே வியாபாரம் சூடு பிடித்துவிடும்.

பூட்டு வாங்கினால் கூட வரும் சாவிகள் அத்தனையையும் கடையிலேயே ஒவ்வொன்றாகப் போட்டுத் திறந்து பாருங்கள். கையால் அராவிய சாவிக்கு உங்கள் ஊர்த் தெருமுனையில் நகல் எடுப்பது லேசில்லை.