கண்ணாடி அணிவதால் பவர் ஏறுவதில்லை

“டாக்டர், பவரைக் கொஞ்சம் குறைச்சு எழுதிக் கொடுங்க. கண்ணாடி போட்டா பவர் ஏறிக்கிட்டே போகும்னு எல்லாரும் சொல்றாங்க.”

ஆரம்பாக்கத்திலிருந்தும் கும்மிடிப்பூண்டி சிப்காட் பகுதியிலிருந்தும் பிள்ளைகளை அழைத்து வரும் பெற்றோர் பலர் என்னிடம் வைக்கும் வேண்டுகோள் இது. அவர்களது அச்சத்திற்கும் காரணம் உண்டு. சென்ற ஆண்டு மைனஸ் ஒன்றாக இருந்த பவர், இந்த ஆண்டு மைனஸ் ஒன்றே முக்காலாக உயர்ந்திருக்கிறது. இடையில் புதிதாக வந்தது கண்ணாடி மட்டுமே என்பதால் பழி அதன்மேல் விழுகிறது. உண்மையான காரணம் கண்ணாடி அன்று; விழியின் வளர்ச்சியே ஆகும்.

விழி நீளும்போது நிகழ்வது என்ன?

பிறந்த குழந்தையின் விழிக்கோளம் முன்னிருந்து பின்னாக ஏறத்தாழ 17 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். வளர்ந்தவர்களுக்கு அது 23 முதல் 24 மில்லிமீட்டர். உரிய அளவை எட்டியதும் இவ்வளர்ச்சி நின்றுவிட வேண்டும். சில பிள்ளைகளுக்கு அது நிற்காமல் தொடர்கிறது. அப்போது தொலைவிலுள்ள பொருளின் பிம்பம் விழித்திரையின்மீது விழாமல் அதற்கு முன்னதாகவே குவிந்துவிடுகிறது. கையிலுள்ள புத்தகம் தெளிவாகவும் கரும்பலகை மங்கலாகவும் தெரிகின்றன. இதுவே கிட்டப்பார்வை. விழி ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக நீண்டால் பவர் ஏறத்தாழ இரண்டரை டயாப்டர் உயரும்.

அவ்வாறு நீண்ட விழி மீண்டும் பழைய அளவிற்குத் திரும்புவதில்லை. பொன்னாங்கண்ணிக் கீரையும் கேரட்டும் நல்ல உணவுகள். வைட்டமின் ஏ குறைவால் வரும் மாலைக்கண் நோயைத் தடுக்க உதவுபவை. ஆயினும் விழியின் நீளத்தை அவற்றால் குறைக்க இயலாது.

பவரைக் குறைத்து எழுதலாமா?

இக்கேள்வியை ஆய்வாளர்களும் எழுப்பினர். மலேசியாவில் 94 சிறுவர்களை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்றின் முடிவு 2002இல் வெளியாயிற்று. ஒரு பிரிவினருக்கு முழுப் பவரும், மற்றொரு பிரிவினருக்குச் சற்றுக் குறைத்த பவரும் வழங்கப்பட்டன. குறைத்து அணிந்த பிள்ளைகளுக்கே கிட்டப்பார்வை விரைவாக ஏறியது. எனவே முழுப் பவர் கண்ணாடியை விழித்திருக்கும் நேரம் முழுவதும் அணிவதே முறை.

அண்மையில் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி வந்திருந்தாள். கண்ணாடி இரண்டு ஆண்டுகளாகப் பையிலேயே இருந்தது. “பெண் பிள்ளை, இப்போதே கண்ணாடி போட்டால் நாளைக்கு வரன் பார்க்கும்போது தடையாகும்” என்று வீட்டில் சொல்லியிருந்தார்களாம். கணக்கில் மதிப்பெண் சரிந்ததற்குக் கவனக்குறைவு என்று திட்டும் வாங்கியிருக்கிறாள். கரும்பலகையில் எழுதிய எண்கள் அவளுக்குத் தெரியவே இல்லை.

ஏன் கட்டுப்படுத்த வேண்டும்?

கண்ணாடியால் பார்வை தெளிந்துவிடும் என்றால் பவர் ஏறினால்தான் என்ன என்று தோன்றலாம். விழி நீளும்போது உள்ளிருக்கும் விழித்திரை இழுபட்டு மெலிகிறது. பவர் மைனஸ் ஆறைத் தாண்டியவர்களுக்குப் பிற்காலத்தில் விழித்திரை விலகுதல், கண் நீர் அழுத்த நோய், மையப் பார்வை பாதிப்பு ஆகியவற்றின் வாய்ப்பு கூடுகிறது. இளம் வயதில் தொடங்கும் கிட்டப்பார்வைக்கு ஏறுவதற்குரிய ஆண்டுகள் அதிகம். ஆகவே ஏழெட்டு வயதுப் பிள்ளைகளுக்குக் கூடுதல் கவனம் தேவை.

செலவில்லாத மருந்து: பகல் வெளிச்சம்

சீனாவின் குவாங்சோ நகரில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாள்தோறும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் விளையாட நேரம் தந்து பார்த்தனர். மூன்று ஆண்டுகள் கழித்து, வழக்கம்போல் பயின்றோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 40 பேருக்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது. வெளியில் விளையாடியோரில் 30 பேருக்கே வந்திருந்தது. பிரகாசமான ஒளி விழித்திரையில் டோபமின் சுரப்பைத் தூண்டி விழியின் நீட்சியை மட்டுப்படுத்துகிறது என்று கருதப்படுகிறது. வகுப்பறையின் ஒளி சில நூறு லக்ஸ் அளவே. வெளியில் மர நிழலில்கூட அது பன்மடங்கு அதிகம்.

நம் ஊர் வெயிலில் பிள்ளைகளை நண்பகலில் அனுப்ப வேண்டியதில்லை. காலை ஒன்பது மணிக்கு முன்பும் மாலை நான்கு மணிக்குப் பின்பும், வேப்பமர நிழலிலோ திடலிலோ, நாளொன்றுக்கு மொத்தம் இரண்டு மணி நேரம் இருந்தால் போதும். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது. பெற்றோர் இருவரும் ஷிப்டு வேலைக்குச் செல்லும் வீடுகளில் பிள்ளையை வீட்டிற்குள் வைத்துக் கைப்பேசியைக் கொடுத்துச் செல்வது ஏன் என்பது எனக்குப் புரியும். தாத்தா, பாட்டியோ அண்டை வீட்டாரோ கண்காணிக்க, தெருப் பிள்ளைகள் சேர்ந்து விளையாட வழிசெய்ய இயலுமா என்று பாருங்கள்.

மருத்துவ வழிகள்

பவர் வேகமாக ஏறும் பிள்ளைகளுக்குக் குறைந்த அடர்த்தி அட்ரோபின் சொட்டு மருந்தை இரவில் ஒரு சொட்டு இடுகிறோம். ஹாங்காங்கில் நடந்த ஆய்வில் 0.01, 0.025, 0.05 சதவீத மருந்துகளை ஒப்பிட்டபோது 0.05 சதவீதமே அதிகப் பலன் தந்தது. அடர்த்தியை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். தாமாக வாங்குவதும் திடீரென நிறுத்துவதும் கூடாது. கிட்டப்பார்வையின் வேகத்தைக் குறைக்கும் தனிவகைக் கண்ணாடிகளும் உண்டு. அவற்றின் விலை அதிகம். வாங்க இயலாதவர்கள் மனம் வருந்த வேண்டாம். சரியான சாதாரணக் கண்ணாடியும் பகல் வெளிச்சமும் முதலில் வேண்டியவை.

பெற்றோர் கவனத்திற்கு

• தொலைக்காட்சியின் அருகில் சென்று அமர்தல், கண்ணைச் சுருக்கிப் பார்த்தல், அடிக்கடி தலைவலி ஆகியவை இருந்தால் பரிசோதனைக்கு அழைத்து வாருங்கள்.

• முதல் முறை கண்ணாடி எழுதும் முன் சொட்டு மருந்திட்டுச் சோதிப்பது அவசியம். அன்று சில மணி நேரம் பார்வை மங்கலாக இருக்கும், அஞ்ச வேண்டாம்.

• ஆறு மாதத்திற்கு ஒருமுறை மறுபரிசோதனை செய்யுங்கள். பழைய கண்ணாடியையும் சீட்டையும் உடன் கொண்டு வாருங்கள்.

• படிக்கும்போது புத்தகத்திற்கும் கண்ணுக்கும் இடையே ஒரு முழங்கை தூரம் இருக்கட்டும்.

• கண்ணில் மின்னல் போன்ற ஒளி, திடீரெனப் பல கரும்புள்ளிகள், திரை விழுந்தாற்போன்ற மறைப்பு ஆகியவை தோன்றினால் அன்றே மருத்துவரை அணுகுங்கள்.

அரசுப் பள்ளி மாணவர்களுக்குக் ‘கண்ணொளி காப்போம்’ திட்டத்தின்கீழ் இலவசக் கண்ணாடி வழங்கப்படுகிறது. பள்ளியிலிருந்து வரும் அந்தக் கண்ணாடி பையில் கிடக்காமல் பிள்ளையின் முகத்தில் இருக்கட்டும். அந்த மாணவி இப்போது கண்ணாடி அணிந்து பள்ளி செல்கிறாள். மறுபரிசோதனைக்கு வந்தபோது அவள் பவரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கடைசி பெஞ்சில் அமர்ந்தாலும் இப்போது எழுத்து தெரிகிறது என்று மட்டும் சொன்னாள்.