மின்சாரத்துக்கு முன் நடை

சென்னை கோபாலபுரம் கான்ரான் ஸ்மித் சாலையில், சர்க்கரை நோய் மருத்துவமனை வாசலில் காலை வேளையில் நின்றால், வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்துவிட்டு, டிபன் சாப்பிட்டு, இரண்டாவது பரிசோதனைக்காகக் காத்திருக்கும் பெரியவர்களைப் பார்க்கலாம். சர்க்கரை கண்ணைப் பாதிக்கும், காலைப் பாதிக்கும், சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். நினைவாற்றலையும் அரிக்கும் என்பதைத்தான் நம் வீடுகளில் பேசுவதில்லை.

உலக நிபுணர்கள் அடங்கிய லான்செட் ஆணையம் 2024-ல் மறதி நோய்க்கு வழிவகுக்கும், நம்மால் மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டது. சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், காது மந்தம், உடலுழைப்பு இல்லாமை எல்லாம் அதில் உண்டு. இவற்றைச் சரிசெய்தால் உலகின் மறதி நோயில் ஏறக்குறைய 45 சதவீதத்தைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அதன் கணிப்பு. இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, இந்த நோய் இருப்பதாக மதிப்பிட்டிருக்கிறார்கள்.

இந்தக் காரணங்களில் சர்க்கரை நோய்க்கும் உடலுழைப்புக்கும் சென்னையிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கோபாலபுரத்தில் தொடங்கிய மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை 1990-களின் பிற்பாதியில் இரண்டு குடியிருப்புகளை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது. ஒன்று திருமங்கலத்தில் நடுத்தர வருவாய்க்காரர்கள் வாழும் ஏசியாட் காலனி, மற்றொன்று தி.நகரில் குறைந்த வருவாய்க் குடும்பங்கள் வாழும் பகுதி. திருமங்கலத்துக்காரர்கள் சர்க்கரை நோய் பற்றிக் கேட்டறிந்த பிறகு, தாங்களே பணம் திரட்டிப் பூங்கா அமைத்தார்கள். வாரத்தில் மூன்று நாளுக்கு மேல் உடற்பயிற்சி செய்தவர்கள் 14.2 சதவீதத்திலிருந்து 58.7 சதவீதம் ஆனார்கள். பத்தாண்டு கழித்துப் பார்த்தபோது அங்கே சர்க்கரை நோய் 12.4-லிருந்து 15.4 சதவீதமாக மட்டுமே கூடியிருந்தது. தி.நகர் பகுதியிலோ 6.5 சதவீதம் 15.3 ஆகியிருந்தது. பூங்கா ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். அந்த ஆய்வு நினைவாற்றலை அளக்கவும் இல்லை. ஆனாலும் நடக்க இடம் கிடைத்தால் மனிதர்கள் நடக்கிறார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி நான் கண்டதில்லை.

நடை மூளைக்குள் என்ன செய்கிறது? கர்க் எரிக்சன் குழு 2011-ல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், 120 முதியவர்களில் பாதிப் பேர் வாரம் மூன்று நாள் நடந்தார்கள். மெல்லக் கூட்டி, ஒவ்வொரு முறையும் 40 நிமிடம். மற்றவர்கள் தசைகளை நீட்டி மடக்கும் பயிற்சி செய்தார்கள். ஓராண்டில் நடந்தவர்களின் ஹிப்போகேம்பஸ் சுமார் 2 சதவீதம் பெருத்திருந்தது, மற்றவர்களுக்கு 1.4 சதவீதம் சுருங்கியிருந்தது. புதிய நினைவுகள் உருவாக இன்றியமையாத பகுதி அது. நரம்பணுக்களைப் பேணும் பிடிஎன்எஃப் என்ற புரதத்தின் அளவும் அந்த வளர்ச்சியோடு சேர்ந்தே கூடியிருந்தது.

இப்போது இதோடு மின்சாரத்தையும் சேர்க்கப் பார்க்கிறார்கள். நெற்றியில் ஈரப் பஞ்சு வைத்த இரண்டு மின்முனைகள், ஒன்றிரண்டு மில்லி ஆம்பியர், லேசான குறுகுறுப்பு, அவ்வளவுதான். இந்த மின்சாரம் நரம்பணுவை வேலை செய்ய வைக்காது, வேலைக்குத் தயாராக மட்டும் வைக்கும். அந்த நேரத்தில் மூளை எதில் ஈடுபட்டிருக்கிறதோ அந்தப் பாதை வலுப்பெறும். சும்மா உட்கார்ந்திருப்பவருக்குப் பெரிய பலன் எதிர்பார்க்க முடியாது. டொரண்டோவில் 375 முதியவர்கள் பங்கேற்ற ஆய்வில் மூளைப் பயிற்சியையும் இந்த மின்தூண்டலையும் சேர்த்துப் பரிசோதித்துப் பார்த்தார்கள். அறிவாற்றல் தேய்வது மெதுவானதாக 2024-ல் முடிவு வந்தது. மனச்சோர்விலிருந்து மீண்டவர்களுக்குப் பலன் கூடுதல். நடையோடு மின்தூண்டலைச் சேர்த்த ஆய்வுகள் இன்னும் சிறியவை, முடிவுகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. ஆகவே ஆன்லைனில் விற்கும் கருவியை வாங்கித் தாத்தாவின் தலையில் மாட்டிவிடாதீர்கள். வலிப்பு உள்ளவர்களும் பேஸ்மேக்கர் வைத்தவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

உடலும் மூளையும் ஒரே நேரத்தில் உழைக்க மின்சாரம்தான் வேண்டும் என்பதில்லை. பூங்காவில் எட்டு போட்டு நடக்கும்போது நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே போகலாம். துணைக்கு ஒருவர் வந்தால், நேற்று படித்த செய்தியை அவருக்கு விவரமாகச் சொல்லலாம். தடுமாற்றம் உள்ளவர்கள் கணக்கை நிறுத்திவிட்டு நடையை மட்டும் கவனிக்க வேண்டும். இன்சுலின் போடுபவர்கள் சட்டைப் பையில் கொஞ்சம் சர்க்கரை வைத்துக்கொள்ளட்டும். முதுமையில் அடிக்கடி சர்க்கரை கடுமையாகத் தாழ்ந்து போனவர்களிடம் மறதி நோய் அதிகம் காணப்பட்டிருக்கிறது. தாழ்நிலை வந்திருந்தால், அடுத்த பரிசோதனையின்போது மருந்தளவைக் குறைக்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.