தைராய்டு மாத்திரையும் ஸ்டெம் செல் விளம்பரமும்

மறதி, சோர்வு, எதிலும் பிடிப்பில்லாத மனசு என்று நாற்பது வயதுப் பெண் ஒருத்தி சொன்னால், "வயசானா அப்படித்தான்" என்று வீட்டில் அடக்கிவிடுகிறார்கள். அது தைராய்டு குறைபாடாக இருக்கலாம். திருத்தணி அரசு மருத்துவமனையில் சொல்லி, டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனை கேளுங்கள்.

தைராய்டுக்கும் மூளைக்கும் என்ன தொடர்பு? வளர்ந்தவர் மூளையில் புது நரம்பு செல் பிறக்காது என்றுதான் வெகுகாலம் நம்பினார்கள். பிறக்கிறது என்று 1960-களில் எலிகளில் காட்டியவர் ஜோசப் ஆல்ட்மன். நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் பகுதியில் உள்ள ஸ்டெம் செல்கள் பிரிந்து புதியவற்றைத் தருகின்றன. பிறந்தவை பிழைப்பதில் தைராய்டு ஹார்மோனுக்குப் பங்கு உண்டு. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் விதிதா வைத்யாவின் குழு 2005-இல் வெளியிட்ட ஆய்வில், தைராய்டு குறைந்த எலிகளில் புதிய செல்கள் பிழைத்து முதிர்வது குறைந்தது; ஹார்மோன் அளவைச் சரிசெய்ததும் அது மீண்டது. மன அழுத்தத்தில் சுரக்கும் ஸ்டீராய்டு ஹார்மோன்கள் அதிகமானால் செல் பிரிவதே தடைபடுகிறது. இவை எலியில் கண்டவை. மனித மூளையில் இது எந்த அளவு நடக்கிறது என்ற விவாதம் 2018-இல் சூடுபிடித்து இன்னும் ஓயவில்லை.

நம் கையில் இருப்பது தைராய்டு மாத்திரை. காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி, டீ. இரும்பு, கால்சியம் மாத்திரைக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். உடம்பு தேறியது என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். மூட்டுவலிக்கும் இளைப்புக்கும் கடையில் சீட்டில்லாமல் வாங்கும் ஸ்டீராய்டு அதைவிட ஆபத்து. மனநிலையையும் சர்க்கரையையும் அது குலைக்கும். மாதக்கணக்கில் போட்டவர் திடீரென நிறுத்தினால் உயிருக்கே கேடு. மருத்துவர் சொல்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

என்னைக் கவலைப்படவைப்பது இன்னொன்று. எலியில் கண்டதை எடுத்துக்கொண்டு, ஸ்டெம் செல் சிகிச்சை விற்பவர்கள் "மூளை செல்லை வளர்க்கிறோம்" என்று பக்கவாதம் வந்தவர் வீட்டிலும் ஆட்டிசக் குழந்தை வீட்டிலும் லட்சக்கணக்கில் கேட்கிறார்கள். நகையை அடகு வைக்கும்முன் இதைப் படியுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைப்படி, ரத்தப் புற்றுநோய் போன்ற சில நோய்களுக்கான ரத்த ஸ்டெம் செல் மாற்று தவிர மற்றதெல்லாம் ஆய்வு நிலைதான். அனுமதி பெற்ற மருத்துவ ஆய்வுக்குள் மட்டுமே செய்யலாம். அதற்கு நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. காசு கேட்டாலே ஏதோ தப்பு என்று எழுந்து வந்துவிடுங்கள்.

இலவச ஆய்வு என்றாலும் மூன்றைக் கேளுங்கள்: நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யின் பதிவு எண், தமிழிலோ தெலுங்கிலோ உங்களுக்குப் புரியும் மொழியில் ஒப்புதல் படிவத்தின் நகல். ஆய்வால் பாதிப்பு நேர்ந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் 2019 மருத்துவ ஆய்வு விதிகள் தரும் உரிமை. மூளை நோயைக் குணப்படுத்தும் மருந்து என்று விளம்பரம் செய்வதையே 1954-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். போலி மருத்துவர் என்றால் திருவள்ளூர் மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநரிடமும் காவல் நிலையத்திலும், பதிவுபெற்ற மருத்துவர் என்றால் அவர் பதிவுசெய்த மாநில மருத்துவ கவுன்சிலிலும் புகார் கொடுங்கள். ரசீது, சீட்டு, விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் எல்லாம் சாட்சி. சிகிச்சை ஆந்திர எல்லை தாண்டி சித்தூரிலோ திருப்பதியிலோ நடந்திருந்தாலும் அங்கே அலைய வேண்டாம். 2019 நுகர்வோர் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது திருவள்ளூர் நுகர்வோர் ஆணையத்தில், இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமே இல்லை.