பழைய மாருதி 800-ல மைலேஜ் கூட்ட முடியுமா?

அப்பா போன வருஷம் ஒரு 2009 மாடல் மாருதி 800 வாங்கினார். நாங்க மூணாவது ஓனர். லிட்டருக்கு இருபது கிலோமீட்டர் தரும்னு வித்தவர் சொன்னார். கிடைச்சது பன்னிரண்டரை. ரெண்டே மாசத்துல அப்பா பழையபடி பஸ்ஸுல வேலைக்குப் போக ஆரம்பிச்சுட்டார். "நீ மெக்கானிக்கல் தானே படிக்கிற?"ன்னு அம்மா கேட்டாங்க. அதுக்கப்புறம் சும்மா இருக்க முடியல.

உங்க வீட்லயும் இப்படி ஒரு கார் நின்னா, முதல்ல மைலேஜை ஒழுங்கா அளந்து பாருங்க. டேங்கை நிரப்பி ஓடோமீட்டரைக் குறிச்சுக்கோங்க. 250 கிலோமீட்டர் ஓட்டிட்டு அதே பங்க்கில் மறுபடி நிரப்புங்க. 20 லிட்டர் பிடிச்சா மைலேஜ் 12.5. ஒரு நேரத்துல ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்க. இல்லேன்னா எது வேலை செஞ்சதுன்னே தெரியாது.

அடுத்து, ஒவ்வொரு வீலையும் ஜாக்கி போட்டுத் தூக்கிக் கையால சுத்திப் பாருங்க. எங்க காரில் பின்னாடி ஒரு வீல் சுத்தவே இல்ல. ஹேண்ட்பிரேக் கேபிள் துருப்பிடிச்சு, பிரேக் ஷூ டிரம்மை உரசிக்கிட்டே இருந்திருக்கு. அதாவது பெட்ரோலைப் போட்டு பிரேக்கைச் சூடாக்கிட்டு இருந்தோம்! டயர் காற்றும் குறைவு. கார் ஓடாம டயர் ஆறி இருக்கும்போது, கம்பெனி சொன்ன அளவுக்கு நிரப்புங்க.

பெரிய ஆச்சரியம் தெர்மோஸ்டாட். இன்ஜின் சூடாகுற வரைக்கும் கூலன்ட்டை ரேடியேட்டருக்குப் போகவிடாம தடுக்குற சின்ன வால்வு அது. "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு?"ன்னு பழைய கார்கள்ல இதைக் கழட்டிடுற பழக்கம் உண்டு. எங்க காரிலும் இல்ல. விளைவு என்ன? இன்ஜின் சரியான சூட்டுக்கு வர ரொம்ப நேரம் ஆகும். சென்சார் "இன்னும் குளிரா இருக்கு"ன்னு சொல்லும். அதை நம்பி ஈசியூ கூடுதலா பெட்ரோல் தெளிக்கும். டெம்பரேச்சர் முள் எப்பவும் கீழேயே கிடந்தா இதைச் சந்தேகப்படுங்க.

மீதி உங்க வலது கால்ல இருக்கு. காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி கூடும். 60-ல இருந்து 80-க்குப் போனா வேகம் மூணுல ஒரு பங்குதான் கூடுது, காற்றுத் தடையோ கிட்டத்தட்ட 78 சதவீதம் ஏறுது. காலியா கிடக்குற ரூஃப் கேரியரையும் கழட்டிடுங்க.

ரெண்டு விஷயம் மட்டும் வேண்டாம். பெட்ரோல் குழாயில மாட்டுற காந்தம், தண்ணியில இருந்து ஹைட்ரஜன் எடுக்குற கிட், இதுக்கெல்லாம் காசு கொடுக்காதீங்க. ஹைட்ரஜன் பிரிக்க ஆல்டர்னேட்டர் தர்ற கரன்ட்டும் அதே பெட்ரோல்ல இருந்துதான் வருது. அடுத்தது, இறக்கத்துல இன்ஜினை அணைக்கிறது. பிரேக் பூஸ்டர் உள்ள வண்டியில கொஞ்ச நேரத்துல பிரேக் கல்லாயிடும். கியர்லயே விட்டு ஆக்ஸிலரேட்டர்ல இருந்து காலை எடுங்க. எம்பிஎஃப்ஐ இன்ஜின் அப்போ பெட்ரோலைத் தானாவே நிறுத்தும்.

எல்லாம் முடிஞ்சு அளந்தப்போ 16 வந்தது. மாசம் 600 கிலோமீட்டருக்கு 48 லிட்டர் போட்ட இடத்துல இப்போ 37.5 போதும். வித்தவர் சொன்ன இருபது வரவே இல்ல. ஆனா போன திங்கட்கிழமை அப்பா கேக்காமலேயே கார் சாவியை எடுத்துக்கிட்டுக் கிளம்பினார்.