கால் வலியா, நரம்புக் கட்டியா?

ஹைதர் அலி பிறந்த ஊரான பூதிகோட்டையிலிருந்தும் சுற்றுப்பக்க ஊர்களிலிருந்தும் பங்காருப்பேட்டைக்கு வந்து, ரயில் பிடித்து பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் பலர். உட்கார இடம் கிடைப்பது அதிர்ஷ்டம். அதனால் கால் வலி என்றால் யாரும் பெரிதாக எண்ணுவதில்லை. தைலம் தேய்த்துக்கொண்டு படுத்துவிடுகிறார்கள்.

தைலத்துக்கு அடங்காத வலி ஒன்று உண்டு. கெண்டைக்காலிலோ கணுக்காலின் உள்பக்கத்திலோ ஓர் இடத்தில் விரல் பட்டால், உள்ளங்கால் வரை மின்சாரம் பாய்ந்தாற்போல "சுரீர்" என்கும். அங்கே நெல்லிக்காய் போல ஒரு கட்டி தட்டுப்படலாம். ஆழத்தில் இருந்தால் கைக்கு அகப்படாது. இடுப்பிலிருந்து வரும் "சயாட்டிகா" என்று எண்ணி வருடக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டவர்கள் உண்டு.

இதன் பெயர் ஷ்வானோமா. நரம்பைச் சுற்றியுள்ள உறை அணுக்களில் வளரும் கட்டி. அந்த அணுக்களை விவரித்த ஜெர்மன் விஞ்ஞானி ஷ்வான் பெயரால் வழங்குகிறது. நம் ஜனங்கள் கெண்டைக்காலில் நீலமாகப் புடைத்துச் சுருண்டு நிற்பதையும் "நரம்பு" என்றே சொல்வார்கள். அது ரத்தக் குழாய். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

புற்றுநோய் அல்ல

கட்டி என்றதும் காலை எடுத்துவிடுவார்களோ என்று பயந்து, டாக்டரிடம் காட்டாமலே இருந்துவிடுகிறவர்கள்தான் பரிதாபம். ஷ்வானோமா அநேகமாகப் புற்றுநோயாக மாறுவதில்லை. மெதுவாகவே வளரும். ஆனால் திடீரென்று வேகமாகப் பெருத்தாலும், இரவில் ஓயாமல் வலித்தாலும், பாதம் தூக்க வராமல் போனாலும் தாமதிக்கக் கூடாது.

டாக்டர் முதலில் கட்டியை அசைத்துப் பார்ப்பார். பக்கவாட்டில் நகரும், நரம்பின் நீளவாக்கில் நகராது. பிறகு விரலால் தட்டிப் பார்ப்பார். தோலில் உணர்ச்சியற்ற தேமல் உண்டா என்றும் கவனிப்பார். ஏனெனில் தொழுநோயிலும் நரம்பு தடிக்கும். அதற்குக் கத்தி வேண்டாம், அரசு ஆஸ்பத்திரியில் இலவச மாத்திரை இருக்கிறது. உடம்பில் காப்பி நிறத் திட்டுகள் ஆறுக்கு மேல் இருந்தால் அது பரம்பரையாக வரக்கூடிய வேறு வகை நரம்புக் கட்டியாக இருக்கலாம். எக்ஸ்ரேயில் இந்தக் கட்டி பெரும்பாலும் தெரியாது. ஸ்கேன், எம்.ஆர்.ஐ. எடுத்தால் தெரியும்.

வலியில்லாத சிறு கட்டியை அப்படியே விட்டு, அவ்வப்போது பார்த்து வந்தால் போதும். தொல்லை தருவதைத்தான் எடுக்க வேண்டும். நரம்பிழைகள் கட்டியைச் சுற்றிப் பரவிக் கிடக்கும். இழையில்லாத இடமாகப் பார்த்து மேலுறையைக் கீறினால், பலாச்சுளையிலிருந்து கொட்டையைப் பிதுக்குவது போலக் கட்டி தனியே வந்துவிடும். கொழுப்புக் கட்டி என்று நினைத்து அவசரமாக அறுத்தால் நரம்பும் சேர்ந்து போய், பாதம் மரத்துவிடும். ஆகவே பூதக்கண்ணாடியோ மைக்ராஸ்கோப்போ வைத்து ஆபரேஷன் செய்கிற இடமே நல்லது. பெங்களூர் ஓசூர் ரோடு நிம்ஹான்ஸ், வேலூர் சி.எம்.சி. இரண்டுக்கும் பங்காருப்பேட்டையிலிருந்து ரயிலில் போகலாம். வேலூருக்குக் காட்பாடியில் இறங்க வேண்டும். பி.பி.எல். கார்டு இருப்பவர்கள் மறக்காமல் கையில் கொண்டுபோவது நல்லது.

ஆபரேஷனுக்குப் பின் சில வாரம், சிலருக்குச் சில மாதம், மரமரப்பு இருக்கும். எடுத்த கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். தையல் பிரித்ததோடு ஊர் திரும்பிவிடாமல், அந்த ரிப்போர்ட்டையும் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.